மூன்று மாதம் இருக்கிறது, சிட்டுக்குருவியிலிருந்து தொடங்குங்கள்

"இன்னும் மூன்று மாதத்தில் குடும்பத்தோடு ஒரு காட்டுப் பயணம் போகிறோம். கையில் ஒரு சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவும் அதோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. வீட்டுப் பக்கம் பறவைகளை எடுத்துப் பார்த்தேன், எல்லாம் வெறும் புள்ளி அளவுக்குத்தான் வருகின்றன. பெரிய லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடுமா? அதுவரை வீட்டிலேயே எதையாவது பழகிக்கொள்ள முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தாராளமாகப் பழகலாம். உங்கள் பயணப் படங்கள் எப்படி வரும் என்பதை அந்த மூன்று மாதம்தான் தீர்மானிக்கப் போகிறது. காட்டில் ஒரு மீன்கொத்தியோ மானோ நல்ல வெளிச்சத்தில், மறைப்பில்லாமல், உங்கள் முன்னால் நிற்பது பெரும்பாலும் பத்து நொடிதான். அந்தப் பத்து நொடியில் எந்தச் சக்கரத்தைத் திருப்பினால் ஷட்டர் வேகம் (கேமராவுக்குள் வெளிச்சம் நுழையும் நேரம்) மாறும் என்று தேடிக்கொண்டிருந்தால் எவ்வளவு பெரிய லென்ஸ் இருந்தும் பயனில்லை. வீட்டு வாசலுக்கு வரும் சிட்டுக்குருவியும் மைனாவும் அணிலும் நாளைக்கும் வரும். இன்று கோட்டைவிட்ட படத்தை நாளை எடுக்கலாம். அந்தச் சலுகை பயணத்தில் கிடைக்காது. லென்ஸ் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்தப் புள்ளிக் கணக்கைப் பார்த்துவிடுவோம். சிட்டுக்குருவி சுமார் 15 செ.மீ. நீளம். உங்கள் லென்ஸை 55 மி.மீ. வரை இழுத்து, 10 மீட்டர் தள்ளி இருக்கும் குருவியை எடுத்தால், படத்தின் அகலத்தில் அது ஏறக்குறைய 28இல் ஒரு பங்குதான் வரும். அதனால்தான் புள்ளி. 400 மி.மீ. லென்ஸ் போட்டால் அதே குருவி கால்வாசி அகலத்துக்கு வரும். அதே லென்ஸோடு 5 மீட்டருக்கு நெருங்கினால் பாதி அகலம். அதாவது தூரத்தைப் பாதியாக்குவதும், லென்ஸின் மி.மீ. அளவை இரட்டிப்பாக்குவதும் ஒரே பலனைத் தருகின்றன. இதில் நெருங்குவதற்குக் காசு வேண்டாம். அது மட்டுமா, நெருங்க நெருங்க இடையில் இருக்கும் காற்று குறையும். வெயில் ஏறியபின் தரையிலிருந்து எழும் சூடான காற்று நெளிந்துகொண்டே இருக்கும், 50 மீட்டர் தள்ளி நிற்கும் விலங்கை எடுத்தால் அந்த நெளிவும் படத்தில் சேர்ந்து வரும். பலர் லென்ஸில் கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது இந்தக் காற்றினால்தான்.

ஆகவே பழக வேண்டிய முதல் வித்தை, பறவையை நம் பக்கம் வரவைப்பது. அதற்கு என் அனுபவத்தில் தண்ணீரைவிடச் சிறந்த வழி இல்லை. தானியம் வைத்தால் தானியம் தின்னும் பறவைகள்தான் வரும். தண்ணீருக்கு எல்லாமே வரும், பூச்சி பிடிக்கிறவை, தேன் குடிக்கிறவை, பழம் தின்கிறவை எல்லாமே. ஒரு அகலமான மண்சட்டி போதும். ஆழம் 3 முதல் 5 செ.மீ. இருந்தால் சிறு பறவைகள் பயமின்றி இறங்கும். அடிப்பக்கம் வழவழப்பாக இருந்தால் கால் வழுக்கும் என்று இறங்காது, ஒரு சொரசொரப்பான கல்லைப் போட்டுவிடுங்கள். தினமும் கழுவித் தண்ணீர் மாற்றுவது கட்டாயம், ஒரே சட்டியில் பல பறவைகள் குடிப்பதால் நோய் பரவ இடமுண்டு. பக்கத்தில் ஒரு செடியோ கிளையோ இருக்க வேண்டும், ஆபத்து வந்தால் ஓடி ஒளிய. அந்தச் செடியில் பூனை பதுங்க முடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டிக்கு ஒரு முழம் தள்ளி, பட்டையும் பாசியுமாக இருக்கும் ஒரு காய்ந்த கிளையை நட்டு வையுங்கள். பறவை நேராகத் தண்ணீருக்கு வராது, முதலில் எங்காவது உட்கார்ந்து பார்க்கும். அந்த இடத்தை நாம் தருகிறோம். நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து பார்க்கும்போது அந்தக் கிளைக்குப் பின்னால் நாலைந்து மீட்டருக்காவது எதுவும் இல்லாமல் இருந்தால் பின்னணி கரைந்து ஒரே நிறமாக வரும். சுவர் ஒட்டி வைத்தால் சுவரின் வெடிப்புகூடத் தெரியும். பின்னணியை மங்கலாக்க விலை உயர்ந்த லென்ஸ் வேண்டும் என்பார்கள். பாதி உண்மைதான். பறவைக்கும் பின்னணிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மீதிப் பாதி வேலையைச் செய்கிறது.

கேமராவை எடுக்காமல் முதல் நான்கைந்து நாள் வெறுமனே பார்த்துக்கொண்டிருங்கள். புல்புல் என்று சொல்கிறோமே, அந்தக் கொண்டைக்குருவி குளிக்க வருவதைச் சொல்கிறேன். முதலில் செடியின் உள்கிளையில் வந்து அமரும். கொண்டை நன்றாக நிமிர்ந்திருக்கும். தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் வானத்தைப் பார்க்கும், பருந்து இருக்கிறதா என்று. அப்புறம் நீங்கள் நட்ட கிளைக்கு ஒரு தாவல். அங்கே சில நொடி. பிறகு சட்டி விளிம்பு. அலகில் ஒரு வாய் நீர் எடுத்துத் தலையை மேலே தூக்கி விழுங்கும். (புறா அப்படிச் செய்யாது. அலகை முக்கியபடியே உறிஞ்சிக் குடிக்கும்.) கொண்டை தணிந்தால் அதற்குப் பயம் தீர்ந்தது என்று பொருள். உடனே நீருக்குள் இறங்கி, மார்பை அமுக்கி, இரண்டு இறக்கையாலும் தண்ணீரை முதுகின்மேல் அடித்துக்கொள்ளும். ஏழெட்டு நொடி. மறுபடி கிளைக்குப் போகும். அங்கே உடம்பெல்லாம் இறகு விரிய ஒரு உதறு உதறும். நனைந்த இறகுகள் குச்சி குச்சியாக நிற்க, சுற்றிலும் நீர்த்துளிகள் வட்டமாகத் தெறிக்க, அந்த உதறல் ஒரு நொடிகூட இருக்காது.

நல்ல படம் அந்த உதறலில் இருக்கிறது. முதல்முறை பார்க்கிறவர் அது நீருக்குள் இருக்கும்போதே முப்பது படம் எடுத்துவிட்டுக் கேமராவைத் தாழ்த்திவிடுவார். பத்து முறை பார்த்தவர் கிளைமேல் ஃபோகஸை வைத்துக் காத்திருப்பார். 1/250 நொடியில் எடுத்தால் துளிகள் கோடுகளாக வரும், 1/2000 நொடியில் ஒவ்வொரு துளியும் மணிமணியாக நிற்கும். இரண்டும் அழகுதான், இரண்டையும் எடுத்துப் பாருங்கள். ஷட்டர் வேகம் என்றால் என்ன என்று புத்தகத்தில் படித்து நான் புரிந்துகொண்டதைவிட ஒரு பறவையின் குளியலில் புரிந்துகொண்டது அதிகம்.

நீங்கள் எங்கே உட்காருவது? வீட்டு ஜன்னலே நல்ல மறைவிடம். கண்ணாடியைத் திறக்க முடிந்தால் திறந்துவிடுங்கள். முடியாவிட்டால் நன்றாகத் துடைத்து, அறையின் விளக்கை அணைத்து, லென்ஸின் முகப்பைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல், நேராக வையுங்கள். சாய்வாக வைத்தால் படம் மங்கும். வெளியில் உட்கார்வதானால் தாழ்வாக உட்காருங்கள். மேலிருந்து கீழே பார்த்து எடுத்த பறவை நாம் நடந்துபோகையில் பார்ப்பது போலவே இருக்கும். அதன் கண்ணும் நம் லென்ஸும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் படத்தின் குணமே மாறிவிடும். வயிறு தரையில் படப் படுத்து எடுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான்.

பறவைகள் பெரும்பாலும் மனிதனின் உருவத்துக்குத்தான் பயப்படுகின்றன. இதைக் கண்டுகொண்டு முதலில் தீவிரமாகப் பயன்படுத்தியவர்கள் இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கியர்டன், செர்ரி கியர்டன் என்ற சகோதரர்கள். ஒரு நூற்றாண்டுக்கும் முன்னால், கண்ணாடித் தட்டில் படம் பதியும் கனமான கேமராக்களின் காலத்தில், மாட்டின் தோலைப் போர்த்திய போலி மாடு ஒன்றைச் செய்து அதன் வயிற்றுக்குள் நுழைந்து நின்றுகொண்டு பறவைகளை எடுத்தார்கள். மாடு என்றால் பறவைக்குப் பயமில்லை. இன்று நமக்குக் கார் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் காரைப் பல பறவைகள் பொருட்படுத்துவதே இல்லை. ஜன்னலை இறக்கி, அதன் விளிம்பில் தானியம் நிரப்பிய துணிப்பையான பீன் பேக் ஒன்றையோ மடித்த போர்வையையோ வைத்து, அதன்மேல் லென்ஸை வைத்து எடுக்கலாம். இன்ஜினை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதிர்வு படத்தில் தெரியும். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தீர்களோ, முடிந்தது.

நடந்து நெருங்க வேண்டுமானால் நேராக அதை நோக்கிப் போகாதீர்கள். வேறெங்கோ போகிறவர் போலச் சாய்வாக, நாலு அடி வைத்து நின்று, மறுபடி நாலு அடி. பறவை மேய்வதை நிறுத்தி உங்களைப் பார்த்தால் நில்லுங்கள். மறுபடி மேயத் தொடங்கினால் மட்டும் அடுத்த அடி. கழுத்தை நீட்டி, இறகை உடம்போடு இறுக்கிக்கொண்டு நின்றால் இன்னும் ஒரு அடிக்கு அது பறந்துவிடும். அந்த இடத்தில் பின்வாங்குங்கள். விரட்டிப் பறக்கவைத்து எடுத்த படத்தில் பறவையின் முதுகும் வாலும்தான் இருக்கும்.

இப்போது காற்றும் வெளிச்சமும். இந்த இரண்டைப் பற்றி யாரும் எனக்கு முதலிலேயே சொல்லவில்லை, பல வருடம் வீணாயிற்று. பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும், காற்றை எதிர்த்துத்தான் தரையிறங்கும். பலத்த காற்றில் உட்கார்ந்திருக்கும்போதும் காற்று வரும் பக்கமே முகம் வைத்திருக்கும், பின்பக்கமிருந்து வீசினால் இறகு கலைந்துவிடும். அதனால் உங்கள் முதுகில் காற்றும் முதுகில் சூரியனும் இருக்கும்படி நின்றால், பறவை உங்களைப் பார்த்தபடி கிளம்பி, உங்களை நோக்கியே வரும், முகத்திலும் வெளிச்சம் இருக்கும். காலையில் சூரியன் கிழக்கில் இருக்கும்போது கிழக்குக் காற்று வீசினால் பறக்கும் பறவைகளுக்கு அதைவிட நல்ல நேரம் வேறில்லை. இரண்டும் எதிரெதிராக இருக்கிற நாளில் உட்கார்ந்திருக்கும் பறவைகளைப் பாருங்கள்.

வெளிச்சத்துக்கு எளிய வழி ஒன்று: உங்கள் நிழல் பறவையை நோக்கி நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். நீண்டிருந்தால் வெளிச்சம் சரி. நிழல் காலடியில் சுருண்டு கிடந்தால் நடுப்பகல் ஆகிவிட்டது, கண்ணுக்கு மேல் கருநிழல் விழும், பறவையும் நிழலுக்குள் போயிருக்கும். நீங்களும் போய் ஓய்வெடுங்கள். சூரியன் உதித்தபின் முதல் இரண்டு மணி நேரம், மறைவதற்கு முன் கடைசி இரண்டு மணி நேரம், இவைதான் வேலை நேரம். மேகமூட்டமான நாளை ஒதுக்கிவிடாதீர்கள். வெள்ளைக் கொக்கை எடுக்க அதுதான் உகந்த நாள்.

கொக்கு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கருமையான பின்னணியில் வெள்ளைக் கொக்கு நின்றால், பின்னணியைப் பிரகாசமாக்க முயன்று கொக்கின் இறகை வெளுத்துவிடும். வெறும் வெள்ளைத் திட்டாக வந்த இறகை அப்புறம் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஒருமுறை ஒரு முழு விடியலும் கொக்குகள் மீன் பிடிப்பதை எடுத்துவிட்டு, திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒரு படத்தில்கூட இறகின் வரி இல்லை. அன்றிலிருந்து வெள்ளைப் பறவை என்றால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் பிரகாச அளவை, ஒரு படி குறைத்துத்தான் தொடங்குகிறேன். காக்கை, கரிச்சான் போன்றவை படம் முழுக்க அடைத்துக்கொண்டிருந்தாலும் குறைக்க வேண்டும், இல்லையென்றால் கருப்பு சாம்பலாகிவிடும். வெளுத்த வானத்தின் முன்னால் பருந்து பறந்தால் மாறாக ஒன்று முதல் ஒன்றரைப் படி கூட்ட வேண்டும், கூட்டாவிட்டால் வெறும் நிழலுருவம்தான். காக்கையும் கொக்கும் எங்கும் கிடைக்கும், இந்தக் கூட்டல் கழித்தலை அவற்றிடமே பழகிக்கொள்ளுங்கள்.

மற்ற அமைப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேமராவை, நாமே எல்லாம் அமைக்கும் மேனுவலில் வைத்து, ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் திறனை) மட்டும் ஆட்டோவில் விடுங்கள். அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்தை, உங்கள் லென்ஸ் அனுமதிக்கும் அகலத்துக்குத் திறந்துவிடுங்கள். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500, பறப்பதற்கு 1/2000, சிறிய வேகமான பறவைகளுக்கு இன்னும் கூட்டலாம். ஃபோகஸ், அசையும் பறவையைப் பின்தொடர்ந்துகொண்டே இருக்கும் தொடர் முறையில். கண்ணைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஒற்றைப் புள்ளியைப் பறவையின் கண்மேல் வையுங்கள். இதில் கண்டிப்பாக இருங்கள். 400 மி.மீ. லென்ஸில், 5 மீட்டர் தூரத்தில், எஃப் 5.6 என்ற அபெர்ச்சரில் கூர்மையாக வரும் ஆழம் வெறும் மூன்றரை சென்டிமீட்டர்தான். இறக்கையில் ஃபோகஸ் விழுந்தால் கண் மங்கிவிடும். கண் மங்கிய படத்தைப் பார்க்கிறவர் மனம் ஏற்காது. படங்களை, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா வடிவத்தில் சேமியுங்கள். ஐஎஸ்ஓ ஏறினால் படம் மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக வருமே என்று ஷட்டர் வேகத்தைக் குறைக்காதீர்கள். அந்தச் சொரசொரப்பைப் பின்னால் குறைக்கலாம், அசைந்துபோன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

இதெல்லாம் தொலைதூர லென்ஸுக்குத்தானே, என்னிடம் 18-55தானே இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? அந்த லென்ஸ் கால் மீட்டர் வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும். அதற்கேற்ற உயிர்கள் வீட்டிலேயே இருக்கின்றன. விடிகாலைக் குளிரில் தட்டானும் வண்ணத்துப்பூச்சியும் உடம்பு சூடாகும்வரை பறக்க முடியாமல் புல்நுனியில் பிடித்துக்கொண்டிருக்கும், இறக்கையில் பனித்துளியோடு. அரை மணி நேரம் அவற்றோடு இருக்கலாம். வெயில் ஏறியபின் தட்டான் உட்காரும் குச்சியைக் கவனியுங்கள். விரட்டினாலும் ஒரு சுற்றுச் சுற்றி அதே குச்சிக்கே பெரும்பாலும் திரும்பும். பஞ்சுருட்டானும் மீன்கொத்தியும் இதே குணமுள்ளவைதான். இரை பிடித்தபின் பஞ்சுருட்டான் தன் வழக்கமான கிளைக்கு வந்து, தேனீயைக் கிளையில் அடித்துத் தேய்த்துக் கொடுக்கை நீக்கிவிட்டுத்தான் விழுங்கும். தட்டானிடம் காத்திருக்கப் பழகியவருக்குப் பஞ்சுருட்டான் படம் சுலபமாகக் கிடைக்கும்.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் சேரும் அறிவுக்கு அளவே இல்லை. மீன்கொத்தி மீனைத் தலைப்பக்கமாகத்தான் விழுங்கும், செதிலும் முள்ளும் குத்தாமல் இருக்க. ஆகவே மீனின் தலை தொண்டைப் பக்கம் இருந்தால் தானே தின்னப் போகிறது. மீனின் தலை வெளிப்பக்கம் நீட்டியிருந்தால் அது துணைக்கோ குஞ்சுக்கோ கொடுக்கக் கொண்டுபோகிறது. அதைப் பார்த்த நொடியில் உங்களுக்குத் தெரிந்துவிடும், பக்கத்தில் எங்கோ கூடு இருக்கிறது என்று.

அந்த இடத்தில் நீங்கள் விலகிப் போக வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். கூட்டைப் படம் எடுக்காதீர்கள். நீங்கள் அங்கே நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் தாய்ப்பறவை கூட்டுக்கு வெளியே நிற்கிறது, முட்டை ஆறுகிறது, அல்லது குஞ்சு வெயிலில் வாடுகிறது. மறைப்பாக இருக்கும் இலையை ஒதுக்கினால் காக்கைக்கு வழி காட்டிவிடுகிறீர்கள். பறவைகளும் சும்மா இருக்காது. எரிக் ஹாஸ்கிங் என்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் பறவைப் படக்கலைஞர் 1937இல் ஓர் ஆந்தையின் கூட்டருகே போனபோது அது தாக்கி ஒரு கண்ணையே இழந்தார். பதிவு செய்த பறவைக் குரலைப் போட்டு வரவழைப்பதும் வேண்டாம். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் நுழைந்துவிட்டது என்று நம்பி, இரை தேடுவதை விட்டுவிட்டு அது அலைகிறது. இருட்டில் ஆந்தை முகத்தில் ஃப்ளாஷ் அடிப்பது, எலியை வீசி எறிந்து வரவழைப்பது, இவையும் அப்படித்தான். ஆந்தையோ அரிய பறவையோ பகலில் தங்கும் இடம் தெரிந்தால் படத்தைப் பகிருங்கள், இடத்தைப் பகிராதீர்கள். கைபேசியில் எடுத்த படத்திலேயே இடக்குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும், அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

நேர்மைக்கும் இந்தத் துறையில் விலை உண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகப் புகழ்பெற்ற காட்டுயிர்ப் படப் போட்டியில், வேலியைத் தாண்டும் ஓநாய் ஒன்றின் படத்துக்கு 2009இல் முதல் பரிசு கொடுத்தார்கள். அது பழக்கப்பட்ட விலங்காக இருக்கக்கூடும் என்று தெரிந்ததும் 2010இல் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். வீட்டில் தண்ணீர் வைத்து எடுத்தால் தண்ணீர் வைத்து எடுத்தேன் என்றே எழுதுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை.

சரி, பயணத்துக்கு வருவோம். போகிற இடத்தில் எந்தப் பறவைகள், எந்த மாதத்தில் தென்படுகின்றன என்பதை ஈபேர்ட் தளத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். உலகம் முழுவதும் மக்கள் பதிவு செய்த பட்டியல்கள் அதில் இருக்கின்றன. அதை நடத்தும் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும். ஒரு இருபது பறவைகளின் குரலையாவது கிளம்புவதற்கு முன் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். காட்டில் கண்ணுக்கு முன் காதுதான் வேலை செய்யும்.

பையைப் பற்றி: லித்தியம் பேட்டரிகள் விமானத்தில் கைப்பையில்தான் போக வேண்டும். பீன் பேக்கைக் காலியாக எடுத்துப் போய், போன இடத்தில் தானியம் வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள், எடை மிச்சம். தூசி பறக்கும் வண்டியில் லென்ஸ் கழற்றி மாட்டாதீர்கள். தினமும் இரவு படங்களை இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, இரண்டையும் வெவ்வேறு பையில் வையுங்கள். அப்புறம் குளிரூட்டிய அறை. இரவெல்லாம் ஏசியில் குளிர்ந்த கேமராவை விடியலில் ஈரக்காற்றுக்குள் கொண்டுவந்தால் லென்ஸின்மேல் ஆவி படியும். ஒருமுறை ஒரு நீர்நாய்க் குடும்பம் ஆற்றங்கரையில் என் முன்னால் மீனைப் பங்கிட்டுத் தின்றுகொண்டிருந்தபோது நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைக்கத் துடைக்க மறுபடி படியும். கண்ணாடி சூடானால்தான் தீரும். இப்போதெல்லாம் கேமராவை மூடிய பைக்குள் வைத்து, கிளம்புவதற்கு முக்கால் மணி முன்பே அறைக்கு வெளியே வைத்துவிடுகிறேன்.

காட்டு வண்டியில் போகும்போது எல்லோரும் பெரிய விலங்கு ஒன்றையே தேடுவார்கள். ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், எங்களுக்குப் பறவையும் மானும்கூட வேண்டும், நிறுத்தினால் இன்ஜினை அணையுங்கள் என்று. மான்களைக் கவனித்துக்கொண்டே இருப்பவருக்குத்தான் வேட்டை விலங்கும் கிடைக்கும். கூட்டத்தில் எல்லா மானும் மேய்ச்சலை நிறுத்தி ஒரே பக்கம் காதைத் திருப்பி நின்றால், அவை பார்க்கும் திசையில் நீங்களும் கேமராவைத் திருப்பி வையுங்கள். விலங்கு வந்ததும் முதல் படத்தை உடனே எடுத்துவிடுங்கள். பிறகு லென்ஸைக் குறைத்து, அது இருக்கிற காட்டோடு சேர்த்து இன்னொன்று எடுங்கள். மூடுபனியும் மரங்களும் நடுவில் சிறிதாக ஒரு யானையும் உள்ள படத்தை எடுக்க உங்கள் 18-55 போதும். முகம் மட்டும் நிறைந்த நெருக்கமான படத்தை எங்கே வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம், இந்தப் படத்தை அந்தக் காட்டில்தான் எடுக்க முடியும்.

தூரத்துக்கு ஒவ்வொரு இடத்திலும் விதி உண்டு. கலாபகஸ் தீவுகளில் விலங்குகளிடமிருந்து குறைந்தது 2 மீட்டர், ஃப்ளாஷ் கூடாது. அண்டார்டிகாவில் பென்குவின்களிடமிருந்து 5 மீட்டர். அங்கே பென்குவின் தானாக உங்களை நோக்கி நடந்து வரும், நீங்கள்தான் விலக வேண்டும். போகிற இடத்தின் விதியை முன்பே படித்துக்கொண்டு, வழிகாட்டி மீறச் சொன்னாலும் மீறாதீர்கள்.

இனி லென்ஸ். பயணத்துக்கு வேண்டும்தான். வாங்குவதானால் 70-300 போன்ற எடை குறைந்த ஜூம் முதலில் போதும். உங்கள் கேமராவின் சிறிய சென்சாரில் (படம் பதியும் சில்லில்) 300 மி.மீ. என்பது பெரிய சென்சார் கொண்ட முழுச்சட்டக் கேமராவின் சுமார் 450க்குச் சமமான பார்வையைத் தரும். பறவைகள்மேல் பித்துப் பிடித்துவிட்டது என்று தோன்றினால் 100-400 அல்லது 150-600. பின்னது சுமார் 2 கிலோ எடை, நாள் முழுவதும் கழுத்தில் சுமந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எல்லாம் ஒரே கேமராவில் வேண்டும் என்றால் நிக்கான் பி1000 போன்ற பெருஞ்ஜூம் கேமராக்கள் இருக்கின்றன. 2018இல் வந்த அது 3000 மி.மீ.க்குச் சமமாக எட்டும். நல்ல வெயிலில் அசத்தும். சென்சார் மிகச் சிறியது என்பதால் விடியலிலும் அந்தியிலும் திணறும், விலங்குகள் நடமாடுவதோ அந்த நேரத்தில்தான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்போதைக்கு வாங்கவே மாட்டேன். முதல் இரண்டரை மாதம் சட்டியும் கிளையும் தட்டானும் 18-55உம். பிறகு பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகவே ஒரு 100-400ஐ வாடகைக்கு எடுத்து, பயணம் முடியும்வரை வைத்துக்கொள்வேன். எடுத்த முதல் நாளே அதே ஜன்னலில், அதே கொண்டைக்குருவிக்காகக் காத்திருந்து, அந்த உதறலை எடுத்துப் பார்ப்பேன். நூறு முறை பார்த்த பறவை என்பதால் கையும் கண்ணும் லென்ஸைப் பழகுவதில் மட்டும் இருக்கும். பயணத்திலிருந்து திரும்பியபின் படங்களின் விவரத்தைப் பாருங்கள். பெரும்பாலானவை 400இலேயே எடுத்தவையா, 200இலா என்று அதில் பதிவாகியிருக்கும். எதை வாங்க வேண்டும் என்பதை அப்போது முடிவு செய்யலாம்.